அழிக்கத் தெரிந்த புரதம்

1996ஆம் ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினாவில் பெரி பிளாக்‌ஷியரின் ஆய்வுக்குழு, ஒரே ஒரு மரபணுவை நீக்கி வளர்த்த சுண்டெலிகளைப் பற்றி ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டது. பிறந்தபோது அந்தக் குட்டிகளிடம் எந்தக் குறையும் தெரியவில்லை. சில வாரங்களுக்குள் எல்லாம் மாறிப்போனது. எடை ஏறுவது நின்றது. உடம்பில் இருந்த கொழுப்பு கரைந்தது. முடி திட்டுத் திட்டாக உதிர்ந்தது. தோலிலும் கண்ணிலும் அழற்சி. கால் மூட்டுகள் வீங்கின, மூட்டெலும்பு அரித்துப்போனது. இரத்தத்தில் சொந்த டி.என்.ஏவையே எதிர்க்கும் ஆன்டிபாடிகள் இருந்தன. மனிதர்களுக்குத் தனித்தனியாக வரும் பல நோய்களின் சாயல் ஒரே எலியின் உடம்பில் சேர்ந்து தெரிந்தது.

அதைவிட வியப்பானது அடுத்த சோதனை. டி.என்.எஃப் என்ற ஒரே ஓர் அழற்சிப் புரதத்தைப் பிடித்து முடக்கும் ஆன்டிபாடியை இளம் வயதிலிருந்தே ஊசி மூலம் செலுத்தி வந்தார்கள். மேலே சொன்ன நோய்களில் ஏறக்குறைய எதுவுமே அந்த எலிகளுக்கு வரவில்லை. அப்படியானால் நீக்கப்பட்ட மரபணு செய்துவந்த முக்கியமான வேலை, டி.என்.எஃப் அளவுக்கு மீறிச் சுரக்காமல் பார்த்துக்கொள்வதுதான்.

அந்த மரபணு தரும் புரதத்துக்கு டிரிஸ்டெட்ராபுரோலின் என்று பெயர். ஆய்வாளர்கள் டி.டி.பி என்று சுருக்கிச் சொல்வார்கள். அது டி.என்.எஃப்பைத் தொடுவதில்லை. டி.என்.எஃப் மரபணுவைப் பூட்டுவதும் இல்லை. மரபணுவுக்கும் புரதத்துக்கும் நடுவில் ஓடும் தூது ஆர்.என்.ஏவை இறுகப் பிடித்து, அதை அழிப்பதற்கு ஆள் சேர்க்கிறது. செல்லுக்குள் வரும் சமிக்ஞைகளைப் பற்றிப் பாடப்புத்தகங்கள் சொல்லும் கதையில் இப்படிப்பட்ட புரதங்களுக்கு வெகுகாலம் இடமே இல்லாமல் இருந்தது. அந்தக் கதை பாதிதான் என்பதை எனக்குத் தெரிந்து டி.டி.பி அளவுக்குத் தெளிவாகக் காட்டும் புரதம் வேறில்லை.

முதலில் டி.என்.எஃப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1975இல் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் லாயிட் ஓல்டின் குழு அதை எலிகளின் சீரத்தில் கண்டது; சில புற்றுக்கட்டிகளை அழுகச் செய்யும் ஆற்றல் அதற்கு இருந்தது. வேறொரு பக்கத்தில் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தின் ஆண்டனி செராமி, ஒட்டுண்ணித் தொற்று கண்ட விலங்குகள் ஏன் எலும்பும் தோலுமாக இளைத்துப்போகின்றன என்று தேடிக்கொண்டிருந்தார். அவரும் புரூஸ் பியூட்லரும் பிரித்தெடுத்த 'உடல் உருக்கும்' காரணியும், ஓல்ட் கண்ட 'கட்டி அழுகவைக்கும்' காரணியும் ஒரே பொருள்தான் என்று 1985இல் தெரியவந்தது. கிருமி நுழைந்ததும் மேக்ரோபேஜ் என்ற வெள்ளணுக்கள் இதை வெளியிடுகின்றன. குறைந்த அளவில், குறுகிய நேரம் இருந்தால் உயிர் காக்கும். அளவோ நேரமோ மீறினால் காய்ச்சல், அதிர்ச்சிநிலை, மூட்டரிப்பு, உடல் உருகல்.

ஆகவே இங்கே நேரம்தான் எல்லாமே. தன்னார்வலர்களின் உடலில் பாக்டீரியாவின் எண்டோடாக்சினை மிகச் சிறிய அளவில் செலுத்திப் பார்த்த சோதனைகளில், இரத்தத்தில் டி.என்.எஃப் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் உச்சம் தொட்டு, அடுத்த சில மணி நேரத்தில் இறங்கிவிட்டது. ஏறியது எப்படி என்பதை விளக்க ஒரு பெரிய அறிவியலே வளர்ந்திருக்கிறது. அவ்வளவு சீக்கிரம் இறங்கியது எப்படி?

ஏறும் கதை இதுதான். எண்டோடாக்சின் மேக்ரோபேஜின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் வந்து உட்காரும். ஏற்பி உள்ளே இருக்கும் புரதங்களை எழுப்பும். கைனேஸ் எனப்படும் நொதிகள் ஒன்றன்மேல் ஒன்று பாஸ்பேட் குறியை ஒட்டிச் செய்தியைக் கடத்தும். கடைசியில் என்.எஃப்-கப்பா-பி போன்ற புரதங்கள் உட்கருவுக்குள் போய் டி.என்.எஃப் மரபணுவைத் திறக்கும். தூது ஆர்.என்.ஏ நகல்கள் உருவாகி வெளியே வரும். ரைபோசோம்கள் அவற்றைப் படித்துப் புரதத்தைக் கோக்கும். படம் வரைந்தால் செல்லின் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஓர் அம்பு, நடுவிலிருந்து வெளியே ஓர் அம்பு.

இந்தப் படத்தில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. ஒரு தூது ஆர்.என்.ஏ, ஒருமுறை படித்ததும் தீர்ந்துபோகிற பொருள் அல்ல. அது இருக்கும்வரை ரைபோசோம்கள் திரும்பத் திரும்ப அதன்மேல் ஓடும், புரதம் வந்துகொண்டே இருக்கும். மரபணுவை மூடிவிட்டால் மட்டும் போதாது. தாளிக்கும்போது அடுப்பை அணைத்த பிறகும் இரும்புச் சட்டியில் சூடு இருந்து கடுகு கருகுகிறதே, அதே சங்கடம்தான். சமிக்ஞை நின்ற பிறகும் அது விட்டுச்சென்ற நகல்கள் செல்லுக்குள் மிச்சமிருக்கும். அந்த நகல்கள் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கின்றன என்பதுதான் சமிக்ஞை உண்மையில் எப்போது முடிகிறது என்பதைத் தீர்மானிக்கிறது.

சில தூது ஆர்.என்.ஏக்கள் நீண்ட ஆயுள் கொண்டவை. சிவப்பணு ஆகப்போகும் செல்லில் ஹீமோகுளோபினின் பீட்டா-குளோபின் சங்கிலிக்கான நகல் அப்படிப்பட்டது. அந்தச் செல்லுக்கு ஏராளமாக ஹீமோகுளோபின் வேண்டும், நகலை அழிப்பதால் ஒரு பயனும் இல்லை. டி.என்.எஃப்பின் நகலோ நிமிடக் கணக்கில் மறைந்துபோகும். இந்த வேறுபாடு எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

1986இல் இரண்டு குழுக்கள் விடையை நெருங்கின. செராமியுடன் பணியாற்றியவர்கள் டி.என்.எஃப் முதலான அழற்சிப் புரதங்களின் தூது ஆர்.என்.ஏக்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது, புரதச் செய்தி முடிந்த பிறகு நீளும் பின்பகுதியில் ஒரே மாதிரியான எழுத்துவரிசை திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார்கள். ஆர்.என்.ஏவின் நான்கு எழுத்துகளில் ஏ, யு என்ற இரண்டு மட்டுமே மாறி மாறி வரும் வரிசை அது. புரதத்தின் வடிவத்துக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது. ரைபோசோம் அதைப் படிப்பதே இல்லை. படிக்கப்படாத ஒரு வரி ஏன் இத்தனை மரபணுக்களில் அப்படியே காப்பாற்றப்பட்டிருக்கிறது?

அதே ஆண்டில் கிரே ஷா, ராபர்ட் காமென் என்ற இருவர் செய்த சோதனை என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது. கேள்வியில் ஒன்றும் மறைவில்லை, விடையிலும் இல்லை. வெள்ளணுக்களை வளர்க்கும் ஜி.எம்-சி.எஸ்.எஃப் என்ற புரதத்தின் தூது ஆர்.என்.ஏவும் குறுகிய ஆயுள் கொண்டது. அதன் பின்பகுதியிலிருந்து ஏ-யு நிறைந்த 51 எழுத்துகளை எடுத்து, முயலின் பீட்டா-குளோபின் மரபணுவின் பின்பகுதியில் செருகினார்கள். அவ்வளவு உறுதியான குளோபின் நகல் செல்லுக்குள் நிற்காமல் சிதைந்துபோனது. 51 எழுத்துகளின் இடையே ஜி, சி எழுத்துகளைக் கலந்து செருகியபோது குளோபின் பழையபடி உறுதியாக நின்றது. ஒரு செய்தி எவ்வளவு நேரம் வாழவேண்டும் என்பது அந்தச் செய்தியிலேயே, படிக்கப்படாத பகுதியில் எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. மனிதரின் தூது ஆர்.என்.ஏக்களில் 5 முதல் 8 விழுக்காடு வரை இத்தகைய ஏ-யு வரிசைகளைக் கொண்டவை என்று பின்னாளில் மதிப்பிட்டார்கள். அந்தப் பட்டியலில் வளர்ச்சிக் காரணிகள், அழற்சிப் புரதங்கள், சமிக்ஞைப் பாதைகளின் உறுப்புகள் என்று தேவைப்படும்போது மட்டும் தலைகாட்டிவிட்டு மறைய வேண்டியவை நிறைய உண்டு.

எழுத்து இருந்தால் மட்டும் போதாது, அதைப் படிக்க ஓர் ஆள் வேண்டும். டி.டி.பி அந்த ஆள் என்பது தெரிய இன்னும் பத்தாண்டுக்கு மேல் ஆனது. இத்தனைக்கும் அதன் மரபணு புதிதல்ல. இன்சுலினோ வளர்ச்சிக் காரணியோ பட்ட சில நிமிடங்களில் செல்லுக்குள் விழித்துக்கொள்ளும் மரபணுக்களில் ஒன்றாக 1980களின் இறுதியிலும் 1990இலும் அதைப் பல குழுக்கள் கண்டு, ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தன. என்ன வேலை செய்கிறது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. மரபணு நீக்கிய எலிகள் நோயுற்ற பிறகுதான் துப்பு கிடைத்தது. 1998இல் பிளாக்‌ஷியரின் குழு, டி.டி.பி நேரடியாக டி.என்.எஃப் தூது ஆர்.என்.ஏவின் ஏ-யு வரிசையில் ஒட்டிக்கொண்டு அதைச் சிதைக்கிறது என்று காட்டியது. டி.டி.பி இல்லாத மேக்ரோபேஜ்களில் டி.என்.எஃப் நகலின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பானது. ஆயுள் இரட்டித்ததற்கே எலி உருக்குலைந்துபோனது என்பதை நினைத்துப் பாருங்கள்.

டி.டி.பி அந்த வரிசையைப் பிடிக்கும் விதம் அழகானது. அதன் நடுப்பகுதியில் இரண்டு 'துத்தநாக விரல்கள்' இருக்கின்றன. மூன்று சிஸ்டீன், ஒரு ஹிஸ்டிடின் ஆகிய அமினோ அமிலங்கள் ஒரு துத்தநாக அணுவைச் சூழ்ந்து பிடித்துக்கொள்வதால் புரதச் சங்கிலி மடிந்து உருவாகும் சிறு முடிச்சுதான் ஒரு விரல். ஒவ்வொரு விரலும் யு-ஏ-யு-யு என்ற நான்கு எழுத்துகளைத் தடவிப் பார்த்து அடையாளம் காணும். இரண்டு விரல்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார, யு-யு-ஏ-யு-யு-யு-ஏ-யு-யு என்ற ஒன்பது எழுத்து வரிசை இருந்தால் பிடி இறுகும். இதன் குடும்பத்துப் புரதம் ஒன்றின் வடிவத்தை 2004இல் கலிபோர்னியாவில் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தார் அணு அணுவாக வரைந்து காட்டினார்கள். விரல்களில் உள்ள ஒரு சிஸ்டீனை மாற்றினாலே பிடி போய்விடும்.

பிடிப்பது இரண்டு விரல்கள். அழிப்பது வேறு ஆள். தூது ஆர்.என்.ஏவின் கடைசியில் ஏ எழுத்தாலேயே ஆன ஒரு வால் இருக்கும், புதிய நகலில் 200 எழுத்து அளவுக்கு. அந்த வால்தான் அதற்குக் காப்பு. டி.டி.பியின் மறுமுனை சி.சி.ஆர்4-நாட் என்ற பெரிய புரதக்கூட்டத்தை அழைத்து வந்து ஆர்.என்.ஏவின் மேல் நிறுத்துகிறது; அந்தக் கூட்டம் வாலை நுனியிலிருந்து கடித்துக் குறைக்கிறது. வால் போனதும் மற்ற நொதிகள் மீதியைத் தின்றுவிடும்.

இதுவரை சொன்னதில் டி.டி.பி வெறும் துப்புரவாளர்தான். சமிக்ஞைப் பாதைக்கு அதன்மேல் அதிகாரம் உண்டு என்பதுதான் கதையின் இதயம். அந்த அதிகாரம் வெளிப்பட்டது ஒரு மருந்துக் கம்பெனியின் தேடலில்.

ஸ்மித்கிளைன் பீச்சம் நிறுவனத்தில் ஒரு வகைச் சேர்மங்கள் கையில் இருந்தன. மேக்ரோபேஜ்கள் டி.என்.எஃப்பும் இன்டர்லூக்கின்-1ம் சுரப்பதை அவை தடுத்தன. எதைப் பிடித்துத் தடுக்கின்றன என்று தெரியாது. சேர்மம் எந்தப் புரதத்தில் போய் ஒட்டுகிறது என்று தேடிப்போனபோது 1994இல் ஒரு புதிய கைனேஸ் அகப்பட்டது. அதன் பெயர் பி38. எண்டோடாக்சின் பட்டதும் விழித்துக்கொள்ளும் கைனேஸ் அது என்று ஸ்கிரிப்ஸ் குழுவும் அதே ஆண்டு சொன்னது. இந்தச் சேர்மங்கள் தடுத்தது முக்கியமாக மரபணு திறப்பதை அல்ல. நகல் உருவான பிறகு அதைப் பயன்படுத்துவதை. உட்கருவுக்கு வெளியே, பாடப்புத்தக அம்பு முடிந்துபோன இடத்துக்கு அப்பால், பி38 ஏதோ செய்துகொண்டிருந்தது.

பி38 விழித்ததும் எம்.கே2 என்ற மற்றொரு கைனேஸை எழுப்பும். எம்.கே2, டி.டி.பியின் மேல் இரண்டு இடங்களில் பாஸ்பேட்டை ஒட்டும். எலியின் டி.டி.பியில் அவை 52ஆவது, 178ஆவது செரின்கள். பாஸ்பேட் ஒட்டியதும் 14-3-3 என்ற எண்ணையே பெயராகக் கொண்ட புரதம் வந்து டி.டி.பியைக் கட்டிக்கொள்ளும். அந்த நிலையில் டி.டி.பியால் ஆர்.என்.ஏவைச் சரியாகப் பிடிக்கவும் முடியாது, அழிப்புக் கூட்டத்தைத் திறம்பட அழைக்கவும் முடியாது. அதே ஏ-யு வரிசையில் எச்.யு.ஆர் என்ற இன்னொரு புரதம் உட்கார்ந்துவிடும், இது ஆர்.என்.ஏவைக் காப்பாற்றி, புரதம் ஆவதற்கு உதவும் புரதம். ஒரே இருக்கைக்கு இரண்டு பேர் போட்டி. யார் உட்காருவது என்று முடிவுசெய்வது சமிக்ஞை.

இதை எலிகளில் நிரூபித்த விதம் மரபியல் தர்க்கத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஜெர்மனியில் மத்தியாஸ் கேஸ்டலின் குழு 1999இல் எம்.கே2 இல்லாத எலிகளை உருவாக்கியது. அவை எண்டோடாக்சின் அதிர்ச்சியைத் தாங்கிப் பிழைத்தன, டி.என்.எஃப் உற்பத்தி 90 விழுக்காடு அளவுக்குக் குறைந்திருந்தது. எம்.கே2 தேவைப்படுவது டி.டி.பியை அடக்கிவைக்கத்தான் என்றால், அடக்கவேண்டிய டி.டி.பியே இல்லாத எலியில் எம்.கே2 இல்லாமற்போனாலும் பாதகமில்லை அல்லவா? 2006இல் இரண்டு மரபணுக்களையும் சேர்த்து நீக்கினார்கள். டி.என்.எஃப் மறுபடி தாராளமாகச் சுரந்தது. கிரேக்கத்தில் ஜார்ஜ் கோலியாஸின் குழுவோ வேறு திசையிலிருந்து வந்தது. புரதங்கள் எதையும் தொடாமல் டி.என்.எஃப் மரபணுவின் ஏ-யு வரிசையை மட்டும் வெட்டி நீக்கினார்கள். டி.என்.எஃப் புரதத்தில் ஓர் அணுகூட மாறவில்லை. ஆனாலும் எலிகளுக்கு மூட்டழற்சியும், மனிதரின் குரோன் நோயை ஒத்த குடலழற்சியும் வந்தன. ஒரு பெரிய நோய்க்குப் புரதத்தில் பிழை இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. அதன் நகல் எப்போது சாகவேண்டும் என்ற குறிப்பு தொலைந்துபோனாலே போதும்.

இனி முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம். டி.என்.எஃப் இறங்குவது எப்படி?

எண்டோடாக்சின் பட்டபோது செல்லில் டி.டி.பி மிகக் குறைவு. டி.என்.எஃப் மரபணுவைத் திறக்கும் அதே சமிக்ஞைதான் டி.டி.பி மரபணுவையும் திறக்கிறது. அழற்சியைக் கிளப்பும் கட்டளையும் அதை முடித்துவைக்கும் கட்டளையும் ஒரே நேரத்தில் பிறப்பிக்கப்படுகின்றன. புதிதாகப் பிறக்கும் டி.டி.பி உடனே வேலையைத் தொடங்கினால் கிருமியை எதிர்க்க வேண்டிய டி.என்.எஃப் தலையெடுக்கும் முன்பே நசுங்கிவிடும். அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்வது பி38, எம்.கே2 ஜோடி. பிறக்கப் பிறக்க டி.டி.பியின் மேல் பாஸ்பேட் ஒட்டப்படுகிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. பாஸ்பேட் ஒட்டிய டி.டி.பி செயலற்றது, ஆனால் உறுதியானது, எளிதில் சிதையாது. ஒட்டாத டி.டி.பி செயல்மிக்கது, ஆனால் செல்லின் புரோட்டியசோம் அதைச் சீக்கிரம் அரைத்துவிடும். அதனால் சமிக்ஞை உச்சத்தில் இருக்கும்போது செல்லுக்குள் செயலற்ற டி.டி.பி குவிந்துகொண்டே போகிறது.

இதற்கிடையில் டி.யு.எஸ்.பி1 என்ற நொதியும் அதே சமிக்ஞையால் பிறந்து வளர்ந்துகொண்டிருக்கும். பி38இன் மேல் இருக்கும் பாஸ்பேட்டைக் களைவது இதன் வேலை. போதுமான அளவு சேர்ந்ததும் பி38 அடங்குகிறது, எம்.கே2 ஓய்கிறது. புதிதாகப் பாஸ்பேட் ஒட்ட ஆள் இல்லை. பி.பி2ஏ என்ற பாஸ்படேஸ், டி.டி.பியின் மேல் இருக்கும் பாஸ்பேட்டைக் கழற்றுகிறது. குவிந்து கிடந்த டி.டி.பி அனைத்தும் ஏறக்குறைய ஒருசேர விழித்து, மீதமிருக்கும் டி.என்.எஃப் நகல்கள்மேல் பாய்கிறது. அதோடு நிற்பதில்லை. டி.டி.பியின் சொந்தத் தூது ஆர்.என்.ஏவிலும் ஏ-யு வரிசை இருக்கிறது, டி.யு.எஸ்.பி1இன் தூது ஆர்.என்.ஏவிலும் இருக்கிறது. அவற்றையும் டி.டி.பி அழிக்கிறது. வேலை முடிந்ததும் வேலைக்காரனும் மறைந்து, செல் அடுத்த கிருமிக்குப் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது.

இந்த வட்டத்தைப் படிக்கும்தோறும் எனக்கு ஒன்று தோன்றும். சமிக்ஞைப் பாதையை ஏற்பியிலிருந்து மரபணு வரை போகும் ஒரு கம்பியாக நினைப்பதால்தான் ஆர்.என்.ஏவைப் பிடிக்கும் புரதங்களை நாம் கடைசியில் ஒரு பின்னிணைப்பாகச் சேர்க்கிறோம். பாதை எவ்வளவு நேரம் நீடிக்கும், எப்போது அடங்கும், அடுத்தமுறை எவ்வளவு வேகமாக எழும் என்று தீர்மானிப்பவை அவையே. பெரும்பாலும் பாதை எதை உற்பத்தி செய்கிறது என்பதைவிட அது எப்போது நிற்கிறது என்பதில்தான் நோயும் நலமும் பிரிகின்றன.

டி.டி.பி மட்டும்தான் இப்படி என்றால் அதை ஒரு விதிவிலக்காக ஒதுக்கிவிடலாம். அப்படியில்லை. அதன் உடன்பிறப்புகளான இரண்டு புரதங்களையும் சேர்த்து டி-செல்கள் வளரும் தைமஸில் நீக்கிப் பார்த்தது இங்கிலாந்தின் பாப்ரகாம் நிறுவனத்தில் மார்ட்டின் டர்னரின் குழு. 2010இல் வெளியான அந்த ஆய்வில் எலிகளுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. செல் வளர்ச்சியை நடத்தும் நாட்ச் என்ற ஏற்பியின் தூது ஆர்.என்.ஏ, அழிக்க ஆளின்றிப் பெருகியிருந்தது. இங்கே ஆர்.என்.ஏவைப் பிடிக்கும் புரதம் கட்டுப்படுத்துவது பாதையின் விளைவை அல்ல, பாதையின் வாசலையே.

ஜப்பானில் ஒசாகாவின் ஷிசுவோ அகிரா குழு 2009இல் விவரித்த ரெக்னேஸ்-1 இன்னும் துணிச்சலான புரதம். அது யாரையும் அழைப்பதில்லை, ஆர்.என்.ஏவைத் தானே வெட்டும். இன்டர்லூக்கின்-6இன் நகலில் கொண்டை ஊசி போல வளைந்திருக்கும் ஒரு பகுதியை அடையாளம் கண்டு வெட்டுகிறது. கிருமிச் சமிக்ஞை வந்ததும் ஐ.கே.கே என்ற கைனேஸ் ரெக்னேஸின் மேல் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. ஆனால் இங்கே பாஸ்பேட் தூங்கவைப்பதில்லை, ரெக்னேஸையே அழிவுக்கு அனுப்பிவிடுகிறது. என்.எஃப்-கப்பா-பியை விடுவிப்பதும் அதே ஐ.கே.கேதான். மரபணுவைத் திறக்கும் கையே நகலை வெட்டுபவனையும் விலக்குகிறது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் கரோலா வினுவேசாவும் சகாக்களும் 2005இல் கண்ட ரோக்வின் என்ற புரதமும் இதே வகை. அதில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறிய எலிக்கு லூபஸை ஒத்த நோய் வந்தது.

இத்தகைய புரதங்கள் எத்தனை இருக்கின்றன? 2012இல் ஹைடல்பர்க்கிலும் பெர்லினிலும் இரு குழுக்கள் புற ஊதா ஒளியைப் பாய்ச்சி, உயிருள்ள மனித செல்களில் தூது ஆர்.என்.ஏவைத் தொட்டுக்கொண்டிருந்த புரதங்களை அந்த நிலையிலேயே ஆர்.என்.ஏவோடு பிணைத்துப் பிரித்தெடுத்தன. ஒவ்வொரு குழுவின் பட்டியலிலும் எண்ணூறு அளவில் புரதங்கள். அவற்றில் பலவற்றை அதுவரை ஆர்.என்.ஏவோடு யாரும் சேர்த்து நினைத்ததே இல்லை. சர்க்கரையை எரிக்கும் நொதிகள்கூட இருந்தன. 2014இல் தொகுக்கப்பட்ட ஒரு கணக்கெடுப்பு மனிதருக்கு 1,542 ஆர்.என்.ஏ-பிணைப்புப் புரதங்கள் என்றது. நம் மரபணுக்களில் பதின்மூன்றில் ஒன்று என்ற அளவில் வரும். இவற்றில் பெரும்பாலானவற்றை எந்தக் கைனேஸ் தொடுகிறது, எந்த நேரத்தில் தொடுகிறது என்று யாரும் இன்னும் வரைந்து முடிக்கவில்லை.

மருத்துவத்தில் இது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்ப்போம். டி.என்.எஃப்பைப் பிடிக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற ஆன்டிபாடி மருந்துக்கு அமெரிக்காவில் 1998இல் குரோன் நோய்க்கும், 1999இல் முடக்குவாதத்துக்கும் அனுமதி கிடைத்தது. விரல் மடக்க முடியாமல் கிடந்தவர்களை எழுப்பி நடக்கவைத்த மருந்து வரிசை அது. அதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் காசநோய்க் கிருமியை உடல் சுற்றி வளைத்து அடைத்துவைக்கும் கூட்டுக்கு டி.என்.எஃப் தேவை. மருந்து அதை முழுக்க வழித்தெடுத்தால் உறங்கிக்கிடந்த கிருமி விழித்துக்கொள்ளும். இந்தியாவில் எத்தனையோ பேர் அந்தக் கிருமியை உள்ளே வைத்துக்கொண்டே நலமாக வாழ்கிறார்கள். அதனால்தான் நம் ஊரில் இந்த ஊசியைப் போடும் முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயமாகிறது.

டி.என்.எஃப்பைத் துடைப்பதற்குப் பதிலாக அதன் நகலின் ஆயுளைக் கொஞ்சம் குறைத்தால் என்ன? பி38ஐத் தடுக்கும் மாத்திரைகள் இந்த எண்ணத்தோடுதான் முடக்குவாத நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டன. ஏமாற்றமே மிஞ்சியது. சில மருந்துகளில் அழற்சியின் குறியீடான சி-ரியாக்டிவ் புரதம் முதலில் சரிந்து, மருந்து தொடரும்போதே மீண்டும் ஏறிவிட்டது. கல்லீரல் தொல்லையும் சேர்ந்தது. டி.டி.பி, டி.யு.எஸ்.பி1, அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூக்கின்-10 ஆகியவை பிறப்பதற்கும் பி38 துணைசெய்கிறது என்பதை நினைத்தால் இதற்கு ஒரு காரணம் புலப்படுகிறது. பி38ஐ ஒரேயடியாக முடக்கினால் நெருப்போடு சேர்த்து நீரையும் நிறுத்திவிடுகிறோம்.

அதைவிட நுட்பமான வழி, பி38ஐ விட்டுவிட்டு டி.டி.பியில் கைவைப்பது. பர்மிங்காமில் ஆண்ட்ரூ கிளார்க்கும் சகாக்களும் டி.டி.பியின் அந்த இரண்டு செரின்களையும் அலனினாக மாற்றிய எலிகளை 2015இல் விவரித்தார்கள். அலனினில் பாஸ்பேட் ஒட்டாது, ஆகவே எம்.கே2 என்ன கத்தினாலும் இந்த டி.டி.பி கேட்காது. எலிகள் ஆரோக்கியமாக இருந்தன. எண்டோடாக்சின் கொடுத்தபோது அழற்சிப் புரதங்கள் வெகு குறைவாகவே எழுந்தன. 2017இல் அதே குழு, பி.பி2ஏவைத் தூண்டும் சேர்மங்கள் சாதாரண எலிகளின் மூட்டழற்சியைத் தணிப்பதைக் காட்டியது. பி.பி2ஏ தொடும் புரதங்கள் ஏராளம் என்பதால் அந்த வழியில் பக்கவிளைவைப் பற்றிய கவலை எனக்கு உண்டு. டி.டி.பியை நேரடியாகப் பிடிக்கும் மருந்து செய்வதும் எளிதல்ல. இரண்டு விரல்களைத் தவிர அதன் உடல் பெரும்பாலும் நிலையான வடிவம் இல்லாத நூல். சிறு மூலக்கூறு போய் உட்கார ஒரு குழிகூட இல்லை.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது பிளாக்‌ஷியரின் குழு 2016இல் எடுத்த வழி. டி.டி.பியின் சொந்தத் தூது ஆர்.என்.ஏவில் இருக்கும் ஏ-யு பகுதியை, அதாவது டி.டி.பி தன்னையே அடக்கிக்கொள்ளும் இடத்தை, எலியின் மரபணுவிலிருந்து நீக்கினார்கள். டி.டி.பி உடம்பு முழுக்கக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான். வெளிப்படையான கேடு எதுவும் தெரியவில்லை. மூட்டழற்சி, தோல் அழற்சி, மூளைத்தண்டுவட அழற்சி ஆகிய மூன்று நோய் மாதிரிகளிலும் அந்த எலிகள் தாக்குப்பிடித்தன.

மனிதரின் மரபணுவை இதற்காக வெட்டவேண்டிய தேவையில்லை. ஆர்.என்.ஏவில் ஒரு புரதம் உட்காரும் இடத்தைச் சிறிய செயற்கை நூலிழையால் மூடிவிட முடியும் என்பதை ஏற்கெனவே ஒரு மருந்து மெய்ப்பித்திருக்கிறது. முதுகுத்தண்டுவடத் தசைநலிவு என்ற நோயோடு பிறக்கும் குழந்தைகளுக்கு 2016 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட நுசினெர்சென் செய்வது அதைத்தான்: எஸ்.எம்.என்2 மரபணுவின் ஆர்.என்.ஏவில் ஒரு பிணைப்புப் புரதம் பற்றும் இடத்தை மறைத்து, செல் அந்த ஆர்.என்.ஏவைச் சரியாகக் கோக்கும்படி செய்கிறது. அதைத் தண்டுவட நீருக்குள் ஊசியால் செலுத்துகிறார்கள். நரம்புச் செல்கள் அங்கேயே இருப்பதால் அது போய்ச் சேர்ந்துவிடுகிறது. வீங்கிய மூட்டுக்குள் இருக்கும் மேக்ரோபேஜிடம் அப்படியோர் இழையைக் கொண்டுசேர்ப்பது எப்படி என்பதுதான் இப்போது தீர்க்கவேண்டிய சிக்கல்.